பெயர் வைக்காத டேலியா

ஜனவரி 5

பத்தாம் வகுப்பில் மிஞ்சிப்போன வரைபட நோட்டு ஒன்றை இன்று முதல் தோட்டக் குறிப்பு நோட்டாக நியமித்திருக்கிறேன். இதில் தோட்டத்தைத் தவிர வேறெதையும் எழுதுவதாக இல்லை.

செய்த வேலை: போன வாரம் தோண்டி நிழலில் காயவைத்த டேலியாக் கிழங்குகளை மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டினேன். பதினான்கு செடி, பதினான்கு கொத்து. கீழ்வீட்டை ஒட்டிய ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று. குன்னூர்ப் பனியில் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்தால் அழுகித் தொலையும். பிப்ரவரி இரண்டாம் வாரம் மறுபடி நடவேண்டும்.

ஒரு பருவம் பூத்துவிட்டுச் செத்துப்போகிற செடிக்கு என் தோட்டத்தில் இடமில்லை. மூன்று மாதம் ஆட்டம் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் நீ யாரோ நான் யாரோ என்று போய்விடுகிற சமாசாரமெல்லாம் எனக்கு ஆகாது. ஹைட்ரேஞ்சியா, அகபாந்தஸ், காலா லில்லி, டேலியா, எல்லாமே போனாலும் திரும்பி வருகிற ஜாதி. கடிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகிறது. கிழங்காக இருந்திருந்தால் இருபத்திரண்டு தடவை வந்திருப்பார்.

பதினான்கில் ஒன்று வேறெங்கும் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன் நானே விதை போட்டு எடுத்தது. பழுத்த பூசணியின் உள்நிறம், ஒவ்வொரு இதழின் நுனியிலும் பாலில் தொட்டெடுத்த மாதிரி வெள்ளை. இதுவரை யாருக்கும் அதிலிருந்து ஒரு கிழங்கு கொடுத்ததில்லை. பெயரும் வைக்கவில்லை, எந்தப் பெயரும் அதற்குக் காணாது. மே மாதம் எங்கள் ஊர் வீட்டுத் தோட்டக்காரர் சங்கம் நடத்தும் மலர்ப் போட்டிக்கு இந்த வருஷம் அதைக் கொண்டுபோகாமல் விடப்போவதில்லை.

கீழ்வீட்டில் நவம்பரில் குடிவந்தவர் தணிகாசலம். குடியாத்தம் பக்கத்துக்காரர். ராணுவத்தில் இருபத்துநான்கு வருஷம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஓசூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். நான் அவரை ஹவில்தார் என்று கூப்பிடுகிறேன். இதெல்லாம் தோட்டக் குறிப்பு இல்லைதான். ஆனால் அவர் வீட்டுக் காய்கறித் தோல் என் உரக்குழிக்கு வருவதால் எழுதவேண்டியிருக்கிறது.

ஜனவரி 13

போகி. சந்தையில் சர்க்கரைவள்ளி கொள்ளை அழகாக இருந்ததென்று மூன்று கிலோ வாங்கிவிட்டேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் பிலோமினா வாசலில் காரை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். படியில் எதிர்ப்பட்ட ஹவில்தாரிடம், “ஸ்டோர் ரூம்ல கிழங்கு வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அவ்வளவு?” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அகபாந்தஸ் தொட்டி மூன்றைப் பிரித்து எட்டாக்கினேன். இடுப்பு போய்விட்டது.

ஜனவரி 15

ஹவில்தார் ஒரு தூக்கு நிறையக் கிழங்குப் பொடிமாஸ் கொண்டுவந்தார். என்ன கைப்பக்குவம்! இஞ்சி, பச்சைமிளகாய், தேங்காய், கடைசியில் இரண்டு சொட்டு எலுமிச்சை. சர்க்கரைவள்ளியா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தித்திப்பைக் காணோம்; கேரட்டும் உருளையும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு ருசி. மிச்சமிருந்ததைச் சாயங்காலம் கரண்டியாலேயே சாப்பிட்டேன். தட்டு கழுவுகிற வேலை மிச்சம்.

ஜனவரி 22

ஹைட்ரேஞ்சியா கவாத்து. கீழேயிருந்து இரண்டாவது கணுவுக்கு மேல் வெட்டவேண்டும் என்று ஹவில்தாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். காய் நறுக்குகிற கை அல்லவா, ஒரு வெட்டுகூடப் பிசகவில்லை.

“நீங்க செடி வெச்சதே இல்லையா?” என்று கேட்டேன்.

“எங்கங்க டீச்சர்? நட்டது பூக்கறதுக்குள்ள வேற ஊருக்கு மாத்திடுவாங்க. இருபத்துநாலு வருசத்துல ஒரு கறிவேப்பிலை கூட வெச்சதில்ல. எவனோ வெச்ச மரத்துல எல பறிச்சிக்கினு போய்க்கினே இருந்தேன்.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பனியாக இருக்கும்.

மதியம் கிழங்குக் குருமா. வெள்ளிக்கிழமை வறுவலாம்.

ஜனவரி 30

சிலிண்டருக்குப் பின்னால் பையோடு சர்க்கரைவள்ளி முளைவிட்டுக் கிடக்கிறது. மூன்று கிலோவும் அப்படியே. ஸ்டோர் ரூமில் வைத்ததாக அல்லவா ஞாபகம்! வயசாகிறது, வேறென்ன.

பிப்ரவரி 2

செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது பவுடர் போட்டுக்கொண்டு போனேனாம். பிலோமினாவின் கண்டுபிடிப்பு. “ஏன்டி மதி, அகபாந்தஸ்க்கு இந்த வாசன புடிக்குமா?” என்று கேட்டு ஸ்டாஃப் ரூமையே சிரிக்க வைத்துவிட்டாள். வெயில் தோலுக்கு ஆகாது, அதனால் போட்டேன். காலை ஆறரை மணிக்கு வெயில் இல்லை என்பது வேறு விஷயம்.

இன்று தோட்டத்தில் பாடிக்கொண்டே களை எடுத்தேன். களை குறையவில்லை. யாருக்கு அக்கறை!

பிப்ரவரி 9

நடுவதற்கு நாள் பார்த்து, குழி வெட்டி, எலும்புத்தூள் போட்டு, சாக்கை எடுக்கப் போனேன்.

சாக்கு இருந்தது. உள்ளே மரத்தூள் இருந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினேன். மரத்தூள்தான் இருந்தது.

ஹவில்தார் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். “இதுல இருந்த கிழங்கு எங்க?” என்று கேட்டேன்.

“எந்தக் கிழங்கு டீச்சர்?”

“டேலியா! என் டேலியாக் கிழங்கு!”

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். “டீச்சர்… அது பூச்செடிக் கிழங்குங்களா?”

“பின்னே என்னவாம்?”

“அத நாம ரெண்டு பேரும் சாப்ட்டுட்டோமே டீச்சர்.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பொடிமாஸ். குருமா. வறுவல். போன புதன்கிழமை வடை. நன்றாக இருக்கிறதென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் நான்.

“அசாம் பார்டர்ல பேர் தெரியாத கெழங்கு நூறு ஆக்கிப் போட்டிருக்கேன், இதுவும் இந்த மலைக் கெழங்குன்னு நெனச்சிக்கினேன்” என்றார். விஷமா என்று பயந்து ஃபோனில் தேடிப் பார்த்தேன். டேலியாக் கிழங்கைச் சாப்பிடலாமாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாதாம். நல்ல செய்தி. இரண்டு பேரும் திடகாத்திரமாக இருப்போம்.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்றேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். “தப்புதான் டீச்சர்” என்றார். மே மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

பிப்ரவரி 10

பதினோரு வருஷத்தை ஜீரணித்துவிட்டேன்.

பிப்ரவரி 16

அழவில்லை. கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மரத்தூள் தூசி.

பிப்ரவரி 27

வெட்டிய பதினான்கு குழியும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. காலையில் பார்த்தால் வாசலில் பன்னிரண்டு டேலியாத் தொட்டி. ஊட்டிக்குப் போய் நர்சரியில் வாங்கிப் பஸ்ஸில் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தாராம் மனுஷர். பளபளவென்று எல்லாமே ஒரே உயரத்தில், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். தொட்டிகள் அங்கேயேதான் இருக்கின்றன. செடி என்ன பாவம் செய்தது? தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.

சாப்பாடு: உப்புமா. நேற்றும் உப்புமா. முந்தாநாள் எழுதவில்லை, அதுவும் உப்புமாதான்.

மார்ச் 11

பிலோமினா வந்து அரைமணி நேரம் வக்காலத்து வாங்கினாள். “கிழங்குக்காக ஒரு மனுஷன வெளிய அனுப்புவியாடி?”

“கிழங்குக்காக இல்ல, கேக்காம எடுத்ததுக்காக” என்றேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

“இளைச்சுப் போயிட்ட” என்றாள். பிறகு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, “அவரும் இளைச்சுப் போயிட்டாரு” என்றாள். நான் கவனிக்கவில்லை. சட்டைக் காலர் கொஞ்சம் தளர்வாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 23

ஹவில்தாருக்குக் கழன்றுவிட்டது. உரக்குழியின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, தன் பட்டாளத்துக் கொசுவலையை அதன்மேல் கட்டியிருக்கிறார். குப்பையைக் கொசு கடிக்குமா? மாடியிலிருந்தே கேட்டேன்.

“காட்டெருமை வருதுங்க. தோலத் திங்க வந்து செடிங்கள மிதிச்சிடும்.”

காட்டெருமை கொசுவலைக்குப் பயப்படுமாம்! கிறுக்கு. அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் குழியில்தான் கொட்டுகிறார். கொட்டிவிட்டு ஐந்து நிமிஷம் குனிந்து பார்க்கிறார். மே மாதம் வந்தால் விட்டது சனி.

மே மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். சும்மா, கணக்கு டீச்சர் என்பதால்.

ஏப்ரல் 6

எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் காட்டெருமை.

காலை ஏழு மணி. காப்பியோடு வராந்தாவுக்கு வந்தால், சாலைப் பக்கத்து வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே நிற்கிறது. ஒரு வேனை நிறுத்திவைத்த மாதிரி. நேராக உரக்குழியைப் பார்த்து நடக்கிறது. குழிக்கும் அதற்கும் நடுவில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார் இந்த மனுஷர். ஒரு கையில் பிரியாணி அண்டாவின் மூடி, இன்னொரு கையில் கரண்டி.

டமார் டமார் என்று தட்டினார். அது தலையைத் தூக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தது. அவர் நகரவில்லை. ஒரு குப்பைக்குழிக்காக! நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “உள்ள வாங்க! குழி நாசமாப் போகட்டும்! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். காட்டெருமையும் என்னைப் பார்த்தது. என் குரல் பத்தாம் வகுப்பு பி பிரிவையே அடக்குகிற குரல். எருமை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வந்த வழியே, ஒரு ஃபுஷியாச் செடியைக்கூட மிதிக்காமல் போய்விட்டது.

காப்பி முழுவதும் என் புடவையில் இருந்தது. மேலே வந்த பிறகுதான் நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்பது மண்டையில் உறைத்தது. அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. மூடிச் சத்தம் பலமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 7

கேட்டிருக்கிறது. காலையில் சிரித்துக்கொண்டே “குட்மார்னிங் டீச்சர்” என்றார். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

அவர் மார்க்கெட் போன நேரம் பார்த்துக் குழிக்குப் போனேன். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும்படி அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? கொசுவலையைத் தூக்கினேன்.

டேலியா!

ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு! முட்டை ஓட்டையும் வாழைப்பழத் தோலையும் தள்ளிக்கொண்டு ஏழு செடி, சாண் உயரத்தில், கரும்பச்சையாய்! நான் குழிக்குள்ளேயே முழங்காலில் விழுந்துவிட்டேன். இலையைத் தொட்டேன், முகர்ந்தேன், பிறகு இலையிடம் ஏதோ பேசினேன். எழுத முடியாது. மிகவும் அசட்டுத்தனமாக இருந்தது.

எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். எனக்கல்லவா தெரிந்திருக்கவேண்டும்! டேலியாக் கிழங்கில் முளைக்கிற கண் சதையில் கிடையாது; தண்டோடு ஒட்டிய கழுத்தில்தான் இருக்கிறது. சமையல்காரர் கழுத்து நாராக இருக்கிறதென்று சீவி, தண்டோடு குழியில் போட்டிருக்கிறார். சதையை நாங்கள் தின்றோம். உயிரை உரத்தில் போட்டுவிட்டோம்.

திரும்பினால் பையோடு அவர் நிற்கிறார்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றேன்.

“மார்ச் பதினெட்டுங்க.”

“ஏன் சொல்லல?”

“நின்னு புடிக்குமா தெரியல. சொல்லிட்டு அப்புறம் பட்டுப்போச்சின்னா நீங்க ரெண்டாவது வாட்டி அழுவீங்க.”

“நான் எங்க அழுதேன்?”

“இல்லீங்க, மரத்தூளு” என்றார். அன்றைக்குப் படியில் வைத்து அப்படித்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். உப்புமாவுக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 19

ஏழையும் வேரோடு எடுக்கப் பயமாக இருக்கிறது. குழியிலேயே இருக்கட்டும். புதிதாக வேறொரு குழி வெட்டி, எங்கள் காய்கறித் தோலை அங்கே மாற்றியாயிற்று. எங்கள் என்று எழுதிவிட்டேன். இரண்டு வீட்டுத் தோல் என்று வாசிக்கவும்.

பதினான்கில் ஏழு பிழைத்திருக்கிறது. அதில் பெயர் வைக்காதது இருப்பதற்கு வாய்ப்பு சரிபாதி. டேலியா இலையைப் பார்த்து நிறம் சொல்ல யாராலும் முடியாது. பூத்தால்தான் தெரியும்.

வீடு காலி செய்கிற பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கேட்டால் இருக்கச் சொல்லிவிடலாம். அவர் கேட்கட்டும் என்று இருக்கிறேன்.

மே 3

முதல் பூ. அடர்சிவப்பு. அது இல்லை. ஆனாலும் கைதட்டினேன்.

மே 8

மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. குழிக்கரையில் இரண்டு நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறோம். குன்னூரிலேயே உரக்குழியைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். எத்தனை சந்தோஷமாக இருக்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் கூடப் போட்டுவிட்டேன்.

மே 12

ஓசூர் மகள் வீடு பார்த்துவிட்டாளாம். அவள் தெருவிலேயே. லாரி இருபத்தைந்தாம் தேதிக்குச் சொல்லியாயிற்றாம். “நீங்க மாசக் கடைசின்னு சொன்னீங்க, அதுக்கு முன்னாடியே குடுத்துடறேன்” என்றார்.

“ரொம்ப நல்லது” என்றேன். என் வாயில் கொள்ளி வைக்க.

மே 16

ஊதா. ரோஸ். இன்னொரு ரோஸ். ஆறு பூத்தாயிற்று. ஆறும் அது இல்லை.

ஏழாவது ஓரத்தில் நிற்கிற நோஞ்சான். ஒரே ஒரு மொட்டு, பட்டாணி அளவு. இனி எல்லாம் அதன் கையில்.

மே 18

போட்டி விண்ணப்பத்தில், கிழங்கு எடுத்த தேதி, நட்ட தேதி எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பார்த்து எழுதலாமென்று நோட்டை முன்னால் திருப்பினேன். ஜனவரி 5, சாக்கில் கட்டியது. சரி. அடுத்தது ஜனவரி 13.

என் கையெழுத்து. என் மை. “ஸ்டோர் ரூம்ல கிழங்கு வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க.”

பிறகு ஜனவரி 30, சிலிண்டருக்குப் பின்னால் சர்க்கரைவள்ளி.

வாத்தியார் வேலையில் இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம், விடை உன் நோட்டிலேயே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நானே சொல்லி, நானே தின்று, நானே விரட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம், பொய் சொல்வானேன், ஐந்து நிமிஷம் யோசித்தேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

கரண்டிகளை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே ஜனவரி 13-ஐச் சத்தமாகப் படித்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மரத்தூள் இல்லை. அழுதேன்.

“உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சிங்க.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! நீங்கதான எடுத்துக்கச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்த!”

அவர் ஒரு கரண்டியைச் சுற்றி முடித்தார். “அன்னிக்கு உங்க மூஞ்சிய நான் பாத்தேன் டீச்சர். செடியும் போயி, அதுவும் உங்களாலதான் போச்சின்னு வேற தெரிஞ்சா எப்பிடித் தாங்குவீங்க? என் மேல கோவமா இருந்தா கொஞ்சம் சுளுவா இருக்கும்னு விட்டுட்டேன்.”

மூன்று மாதமாகச் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு என் குப்பைக்குழிக்குக் காவல் நின்றிருக்கிறார். இந்த ஆளை எனக்குப் பிடிக்கும் என்று நான் இதுவரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை என்று இப்போது நோட்டைப் புரட்டும்போது தெரிகிறது. எழுதுகிறேன். பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “லாரி எத்தன மணிக்கு?” என்று கேட்டேன். செருப்பால் அடிக்கவேண்டும் என்னை.

மே 21

மொட்டு கோலிக்குண்டு அளவு. இறுக்கமாக மூடிக்கொண்டிருக்கிறது. என்னைப் போல.

கீழ்வீட்டு வராந்தாவில் ஆறு அட்டைப்பெட்டி.

மே 23

காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டினார். குழிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு இறங்கினார். செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

பூசணி நிறம். நுனியில் பால்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நாற்பத்தெட்டு வயதில், நைட்டியில், உரக்குழிக் கரையில். அவரும் குதித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்துத் தீர்த்தது. கையை எப்போது விட்டோம் என்று நினைவில்லை.

மே 24

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதை வெட்டி எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்தான், “செடிக்கு உசுரு கீழ கீது டீச்சர், பூவு போனா இன்னொண்ணு வரும்” என்று தன் கத்தியால் ஒரே வெட்டாக எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தார். பிலோமினா காரில் மூவரும் போனோம். பாட்டிலை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வளைவில் எல்லாம் பூ ஆடவில்லை, நாங்கள்தான் ஆடினோம்.

பதிவு மேஜையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். “மலரின் பெயர்?”

பதினோரு வருஷமாகக் காணாத பெயர், யோசிக்காமல் வந்தது. “பொடிமாஸ்.”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “என்னங்க?”

“பொடிமாஸ். எழுதுங்க.”

எனக்குப் பின்னால் ஹவில்தார் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். பாட்டிலில் தண்ணீர் தளும்பியது.

“வளர்த்தவர்?”

“சந்திரமதி, தணிகாசலம். ரெண்டு பேரையும் போடுங்க.”

“அப்படிப் போட முடியாதுங்க. ஒரே குடும்பமா இருந்தாத்தான் ரெண்டு பேர் சேர்த்து எழுதலாம். இவரு உங்களுக்கு என்ன வேணும்?”

எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர். முன்னால் ஒரு காலிக் கட்டம். நாளைக்கு லாரி. இனி எந்தப் பக்கம் பார்ப்பது?

“கட்டிக்கப்போறவர்” என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் கட்டத்தை நிரப்புவதிலேயே தீர்ந்துவிட்டது. பிலோமினா “ஏசுவே!” என்று ஒரு கூச்சல் போட்டாள். பிறகு என் தோளுக்குப் பின்னாலிருந்து, ரொம்பப் பணிவாக, அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னது கேட்டது: “ஆமாங்க. இப்பதான் எனக்கே தெரிஞ்சிது. எழுதிக்கங்க.”

பரிசு கிடைக்கவில்லை. பூ சிறியது, தண்டு கோணல் என்றார்கள். நடுவர் பாட்டிலில் ஒட்டியிருந்த ஹார்லிக்ஸ் லேபிளை வேறு முறைத்துப் பார்த்தார். பார்க்கட்டும். நாங்கள் மூவரும் வழியில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் கடைக்காரரும் சிரித்தார்.

மே 25

லாரி வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மகளிடம் ஃபோனில் சொல்லத் தயங்கித் தயங்கி அவர் ஆரம்பிக்க, அவள் அந்தப் பக்கம் போட்ட போடு எனக்கே கேட்டது. “ரெண்டு மாசமா குழியப் பத்தியும் டீச்சரப் பத்தியும் தவிர வேற எதாவது பேசியிருக்கியாப்பா? எனக்குத் தெரியாதா?”

அட்டைப்பெட்டிகளைப் பிரித்தோம். ஒரு பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு சின்னக் கறிவேப்பிலைக் கன்று இருந்தது. ஓசூரில் வைப்பதற்காக வாங்கியதாம். தோட்டத்தின் கிழக்கு மூலையில், நல்ல வெயில் படுகிற இடத்தில், அவரையே நடச் சொன்னேன். குளிருக்குத் தாங்குமா, தெரியாது. நட்டுவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 8

மழை பிடித்துக்கொண்டது. பொடிமாஸில் புதிதாக மூன்று மொட்டு. நர்சரி டேலியா பன்னிரண்டையும் காலிக் குழிகளில் நட்டுவிட்டேன், கோபம் எத்தனை நாளைக்கு? பதிவு அலுவலகத்தில் அடுத்த மாதம் நாள் வாங்கியிருக்கிறோம்.

காப்பி குடிக்கும்போது அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கத் தவிக்கிறார் என்று தெரிந்தது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல டீச்சர். இந்த வருசம் அந்தச் செடியில நாலஞ்சி கெழங்கு வெக்கும்னு சொன்னீங்க இல்ல?”

“ஆமா.”

“ஜனவரில எடுக்கறப்ப… கழுத்தயெல்லாம் பத்திரமா வெச்சிட்டு… ஒண்ணே ஒண்ணு மட்டும்…” மீதியைச் சொல்லாமல் காப்பியைக் குடித்தார்.

யாருக்கும் ஒரு கிழங்கு கொடுத்ததில்லை நான். பதினோரு வருஷம்.

“தேங்கா கொஞ்சம் கூடப் போடணும்” என்றேன்.